கல்லின் கடைசி வரி

அவர் செத்துப் போனார் என்று போனில் சொன்னவரிடம் நான் முதலில் கேட்டது, "ஆர் சொன்னது?" என்றுதான். அழவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. ஆர் சொன்னது, நேரில் பார்த்தவரா, எத்தனை மணிக்கு. அவரோடு பதினொரு வருடம் பழகியதில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. அவர் இருந்திருந்தால் நான் கேட்ட ஒழுங்கைப் பாராட்டியிருப்பார்.

பெயர் சொல்லப் போவதில்லை. சிட்னியின் கிரவீனில் எங்கள் சனத்திடம் "கல்வெட்டார்" என்றால் போதும், வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் கோடு இழுக்கிற ஓர் இரும்பு அடிமட்டமும் ஒரு பென்சிலும் இருக்கும். பேப்பர் வாசித்தாலும் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்துத்தான் வாசிப்பார். கல்யாண வீட்டில் யாராவது "இந்தச் சாம்பார் போன முறையை விட நல்லாயிருக்கு" என்றால்கூட, தலையை நிமிர்த்தாமல், "ஆதாரம்?" என்பார்.

ஞாயிறு பின்னேரங்களில் நூலகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் அவர் சோழர் வரலாறு சொன்னார். கேட்க வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்: ஒரு பஸ் டிரைவர், இரண்டு எஞ்சினியர்கள், ஒரு கணக்காளர், பல் வைத்தியர் ஒருவர், இன்னும் சிலர். அதற்கு ஒரு சங்கம் என்று பதிந்து, அவரைத் தலைவராகவும் என்னைச் செயலாளராகவும் போட்டார்கள். செயலாளர் என்றால் புரொஜெக்டரைக் கொழுவுவது, தேத்தண்ணி ஊற்றுவது, அவர் சொல்வதைத் தட்டச்சு செய்வது. எனக்கு அந்த வேலை பெருமையாக இருந்தது. நான் ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிறவள். என்னிடம் ஒருவர் "நீர் வடிவா விளங்கிக்கொள்ளுறீர்" என்று சொன்னது அந்த மண்டபத்தில்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நானூறு ஆடற்பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றிய கல்வெட்டை அவர் வாசித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, தெருவின் எந்தப் பக்கச் சிறகு, எத்தனையாவது வீடு. ஒரு மணித்தியாலம் வெறும் பெயரும் வீட்டு நம்பரும் வாசித்தார். ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தி ஆடின பெட்டையின்ர வீட்டு நம்பர் எங்களிட்ட இருக்கு. இப்ப எங்கட காலத்தில செத்த சனத்தின்ர பேர் இருக்கோ? ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல. அதுதான் சொல்லுறன், எழுதாதது நடக்காதது."

அந்தக் கடைசி வசனத்தை நான் கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்து மண்டபச் சுவரில் ஒட்டினேன். அது எவ்வளவு கொடூரமான வசனம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பட்டத்து இளவரசனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சகோதரர்களின் நிலங்களைப் பறிக்கச் சொல்லும் அரச ஆணை ஒன்று இருக்கிறது. கொன்றவர்களோடு நிற்கவில்லை ஆணை. தாய்மாமன், அத்தையைக் கட்டினவன், மகளைக் கொடுத்த வீடு என்று உறவுமுறை ஒவ்வொன்றாகச் சுற்றிவளைக்கும். அவர் ஒவ்வோர் உறவுக்கும் நிறுத்தி, எங்களை ஒரு முறை பார்த்து, அடுத்ததற்குப் போனார். ரசித்து வாசித்தார் என்றே சொல்வேன். பஸ் டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"அத்தையைக் கட்டின மனுசன் என்ன செய்தவர் ஐயா, பாவம்?"

"கல்லில இல்லாததை என்னிட்ட கேளாதையும்."

கணக்காளருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். சாதுவான மனிதர். தன் வம்சம் சோழப் படையோடு இலங்கைக்கு வந்த தளபதி ஒருவரிலிருந்து தொடங்குகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். கல்வெட்டார் மெதுவாகக் கேட்டார்: "உம்மட அப்பாவின்ர பேர்?" சொன்னார். "அவரின்ர அப்பா?" சொன்னார். "அவரின்ர?" கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "அவரின்ர?" தெரியவில்லை. இவர் எங்களைப் பார்த்துத் திரும்பி, "நாலாந் தலைமுறைக்குப் பேர் தெரியாது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின தளபதியைக் கண்டுபிடிச்சிட்டார்" என்றார். மண்டபமே சிரித்தது. அதில் என் சிரிப்புத்தான் பெரிது. கணக்காளரின் காது சிவந்து போனது. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர் பிறகு வரவேயில்லை.

ஆனால் கல்வெட்டாரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு விழாவில் சோழ அரசனைத் தெய்வமாக்கிப் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். இவரைப் பேசக் கூப்பிட்டது பெரிய பிழை. "நாகபட்டினத்துப் புத்த விகாரைக்கு ஊரைக் குடுத்தவனும் இவன்தான். கடலுக்கு அங்கால அநுராதபுரத்தை அழிச்சதும் இவன்ர படைதான். அங்க விகாரை எரிஞ்சது சமயத்துக்காக இல்லை, இங்க விகாரைக்கு விளக்கு எரிஞ்சதும் சமயத்துக்காக இல்லை. கடல் வியாபாரம் ஆருக்கு வேணுமோ அவன்ர சாமிக்கு மரியாதை. கும்பிடுறதெண்டா தெரிஞ்சு கும்பிடுங்கோ" என்றார். மைக்கைப் பிடுங்கினார்கள். துரோகி என்று யாரோ ஒருவன் கத்தினான். வெளியே வந்து பார்த்தால் அவருடைய கொரோலாவின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். அடுத்த ஞாயிறு அந்தக் கீறல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மண்டப வாசலில் காரை விட்டார். கடைசி வரை பெயின்ற் அடிக்கவில்லை. அன்றைக்கு நான் அவருக்காக உயிரையும் கொடுத்திருப்பேன்.

வீட்டிலும் அதே ஆள்தான். அன்ரி, அவருடைய மனைவி, ஒரு காலத்தில் வயிற்று நோவால் அவதிப்பட்டார். ஒவ்வொரு முறையும், "வலப்பக்கம் கத்தி குத்தினது மாதிரி இருக்கு" என்பார். இவர் ஒருநாள் என் முன்னாலேயே சொன்னார்: "போன கிழமையும் இதே வசனம்தான். முந்தின கிழமையும் இதேதான். உண்மையா நோகிற ஆள் ஒவ்வொரு தரமும் வேற வேறயாச் சொல்லும். பாடமாக்கினதுதான் மாறாமல் வரும்." அன்ரி பிறகு சொல்வதை விட்டுவிட்டார். கடைசியில் பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்து அவசரமாக வெட்டி எடுத்தார்கள். அந்தக் கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டு அன்ரி குசினி ஜன்னலில் வைத்திருந்தார். "ஆதாரம்" என்று என்னிடம் காட்டிச் சிரித்தார்.

மெய்க்கீர்த்தி பற்றி அவர் பேசியதை இங்கே சொல்ல வேண்டும். பிறகு நடந்ததற்கு அதுதான் அளவுகோல். சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதி மெய்க்கீர்த்தி. அரண்மனையிலிருந்து எழுதி வரும். எந்த ஊர்க் கோயில் சுவரைப் பார்த்தாலும் அதே சொற்கள். அதற்குக் கீழேதான் அந்த ஊரின் விஷயம் வரும்.

"மேல இருக்கிற புகழ் எல்லாக் கல்லிலயும் ஒண்டுதான்" என்று அடிமட்டத்தால் திரையைத் தட்டினார். "ஒரே மாதிரி இருக்குது எண்டு போட்டுக் கல்லே பொய் எண்டு சொல்லுறவன் முட்டாள். மேல் வரியை எழுதினது வேற ஆள். கண்ணைக் கீழ இறக்குங்கோ. கடைசி வரியில ஒரு விதவை செத்த புருசனுக்காக ஒரு விளக்கு வைச்சிருப்பாள், அது எரியிறதுக்குத் தொண்ணூற்றாறு ஆடு குடுத்திருப்பாள். அவள் அங்கதான் இருக்கிறாள்."

நான் அதைக் குறிப்பெடுத்தேன். என் கையெழுத்தில் இப்போதும் இருக்கிறது.

இது நடந்து சில மாதங்களில் மெரிலேண்ட்ஸில் இருந்து ஒரு பெண் என் மருந்துக்கடைக்கு வந்தாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவள், என்னை அக்கா என்பாள். அவளுடைய தம்பி படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மறுபரிசீலனைக்குப் போயிருந்தது. ஊரைத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரின் கடிதம் இருந்தால் உதவும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கல்வெட்டாரின் ஊர் இவர்களுடைய ஊருக்கு இரண்டு மைல். "ஐயாவிட்ட ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா" என்றாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு மேசையில் வாக்குமூலத்தை வைத்தாள். இங்கிலீஷில் இரண்டு பக்கம். அவர் அடிமட்டத்தை வைத்து வாசித்தார். முதல் பக்கம் முடிய எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து வேறொரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தார். முன்பு யாரோ ஒரு பெடியனுக்கு உதவியபோது வைத்துக்கொண்ட வாக்குமூலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வான் வண்டியில் வந்து பிடித்தது, கண்ணைக் கட்டியது, கேட்ட கேள்விகள், அடித்த விதம். ஊரும் திகதியும் தவிர முதல் பக்கம் சொல்லுக்குச் சொல் ஒன்று.

"இது ஆர் எழுதினது?"

"தீவு முகாமில ஒரு மாஸ்டர் இருந்தவர் ஐயா. அங்க இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான். எல்லாருக்கும் அவர்தான் எழுதிக் குடுத்தவர்."

"அப்ப இது மாஸ்டரின்ர வாக்குமூலம். உம்மட தம்பியின்ர இல்லை."

"நடந்தது தம்பிக்குத்தான் ஐயா."

"அதுக்கு ஆதாரம்?"

"முதுகில இருக்கு."

"காயம் இருக்கு எண்டுறது சரி. ஆர் செய்தது எண்டு காயம் சொல்லாது."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். நான் அந்த நேரத்தில் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே, கடைசியில், மற்ற வாக்குமூலத்தில் இல்லாத இரண்டு வரி இருந்தது. "என்னை வெளியே விடும்போது என் செருப்பைத் திருப்பித் தரவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினேன், கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் தன் செருப்பைக் கழற்றித் தந்தார்."

"கண்ணைக் கீழ இறக்குங்கோ ஐயா" என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அவருடைய வசனம்தானே, திருப்பிக் கொடுத்தால் போதும். நான் சொல்லவில்லை. கணக்காளரின் சிவந்த காது ஞாபகம் வந்தது. அவள் முன்னால் என்னை ஒரு சொல்லில் வெட்டிவிடுவார் என்று பயந்தேன். அதைவிட உண்மை, அவர் மேசையில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற ஆள் நான் என்கிற பவுசு. ஒரு மனிதனின் உயிரை விட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

"கடிதம் எழுதுறன். ஃபைல் நம்பரைத் தந்திட்டுப் போம்" என்றார். அவள் குனிந்து கும்பிட்டாள். அன்ரி வாசல் வரை போய், "தம்பியிட்டக் குடும்" என்று ஒரு பை எள்ளுருண்டை கொடுத்தார்.

அவள் போனதும் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். குடும்பம் இன்ன ஊர்தான், தெரியும். ஆனால் வேறொருவருடைய வாக்குமூலத்தின் முதல் பக்கமும் இதுவும் சொல்லுக்குச் சொல் ஒன்று. ஒரே மாதிரியான சொற்கள் சொந்த அனுபவத்திலிருந்து வருவதில்லை என்பது என் கருத்து. தலைவர் ஒப்பமிட்டார். செயலாளரும் ஒப்பமிட வேண்டும் என்று பேனையை நீட்டினார். ஒப்பமிட்டேன்.

"இதை வக்கீலிட்டக் குடுக்கிறதோ?" என்று கேட்டேன்.

"வக்கீல் கிழிச்சுப் போடுவான். நேர விசாரிக்கிறவங்களுக்கே அனுப்பும். சாதகமானதை மட்டும் எழுதினா அது மெய்க்கீர்த்தி. நான் அரண்மனைப் புலவன் இல்லை."

அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் நானே தபாலில் போட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுபரிசீலனை தோற்றது. தம்பியை இலங்கைக்கு விமானத்தில் ஏற்றினார்கள். ஏற்றி இரண்டாம் மாதம் அவள் போன் எடுத்தாள். ஊரில் வீட்டுக்கு வந்து அவனைத் திரும்பவும் கொண்டுபோய்விட்டார்களாம். குரலில் அழுகை இல்லை, களைப்புத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவரிடம் சொன்னேன். புரொஜெக்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் சொன்னது?"

"தமக்கை."

"அவ நேர பார்த்தவவோ?"

"இல்லை. அவ இங்கதானே."

"அப்ப?"

வயரைச் சுருட்டி முடித்து, றப்பர் வளையம் போட்டு, பெட்டியில் வைத்தார். அடுத்த கிழமைக்கு எந்தக் கல்வெட்டு என்று சொன்னார். நானும் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகும் மூன்று வருடம் நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். கோபம் வந்து ஒதுங்கினேன் என்று எழுதினால் அது பொய். வேலை நேரம் மாறியதால்தான் நின்றேன்.

இந்த வருடம் அவர் போனார். முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் வழக்கப்படி நினைவு மலர் அடிக்க வேண்டும். அன்ரி என்னைக் கூப்பிட்டார். "நீர்தான் எழுதவேணும் பிள்ளை. அவருக்கு ஆதாரம் இல்லாமல் ஒண்டும் போட்டிடாதையும்" என்று சொல்லி, தானே சிரித்து, பிறகு அழுதார். படம் தேட அலுமாரியைத் திறந்துவிட்டார்.

அந்த இரண்டு வாக்குமூலங்களும் ஒரே உறையில் இருந்தன. தம்பியுடையதை எடுத்துப் பார்த்தேன். வாசித்த எதிலும் பென்சிலால் குறித்துத் திகதி போடுவது அவர் பழக்கம். செருப்பு வரிகளுக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்திருந்தார். பக்கத்தில், "வேறெங்கும் இல்லை. ஆள் உண்மை. நிறுவ முடியாது." திகதி, நாங்கள் போன அதே நாள். அவருக்குக் கண்ணை இறக்கத் தெரியாமல் போகவில்லை. இறக்கினார், பார்த்தார், அதற்குப் பிறகுதான் என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

இத்தனை வருடமும் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் செய்தது பிழை, நான் செய்தது பாவம் என்று எனக்குள் ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன். அந்தத் தாளை அவர் மேசையிலேயே வைத்துக் குத்த வேண்டும் போல இருந்தது. அன்ரி கோப்பையோடு வந்ததும் உறைக்குள் போட்டு மூடினேன்.

மலரை ஒரு மணித்தியாலத்தில் எழுதினேன். எழுதினேன் என்று சொல்லக்கூடாது. போன வருடம் இறந்த ஒருவரின் மலரை எடுத்து வைத்துப் பெயரையும் ஊரையும் மாற்றினேன். எளிமையின் இருப்பிடம், பிறர் துயர் கண்டு உருகும் நெஞ்சம், நாடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத வள்ளல். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பல் வைத்தியர், "நல்லா எழுதியிருக்கிறீங்கள்" என்றார்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு அதே மண்டபத்தில். எனக்கு எதிரில் ஒரு தட்டோடு வந்து அவள் உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது.

"அன்ரிக்காக வந்தனான் அக்கா. அண்டைக்கு எள்ளுருண்டை தந்தவ."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "தம்பி எப்பிடி?"

"இருக்கிறான். ரெண்டாந்தரம் கொண்டுபோய் விட்ட பிறகு செருப்பைக் கழட்டுறானில்லை. படுக்கேக்கையும் போட்டுக்கொண்டுதான் படுக்கிறான். முதல்ல அம்மா, பாய் ஊத்தையாகுது எண்டு பேசினவ. இப்ப பேசுறேல்ல."

சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு மலரை எடுத்து விரித்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து ஆறுதலாக வாசித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"இது எங்கட பக்கத்து வீட்டு அங்கிளின்ர மலரில இருந்ததுதானே. போன வருசம். சொல்லுக்குச் சொல் அதுதான்."

நான் தட்டைப் பார்த்தேன்.

"வக்கீல் அந்தக் கடிதத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினவர் அக்கா. ரெண்டு கையெழுத்து இருந்தது." மலரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "ஒரே மாதிரி இருந்தாப் பொய் எண்டு நான் சொல்லமாட்டன். அவர் நல்லவராத்தான் இருந்திருப்பார்."

பரிமாறுகிறவர் பாயச வாளியோடு பக்கத்தில் வந்தார். "அக்காவுக்கு ஊத்துங்கோ, அவ இன்னும் எடுக்கேல்ல" என்றாள். அவர் ஊற்றினார். அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் முழுவதையும் குடித்தேன்.